கொரியா பாஷையில் காரணம்

எங்கள் வீட்டில் 'ஏன்' என்று கேட்டால் கொரியா பாஷையில்தான் பதில் வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை, சிரிக்கிறார்கள். திருத்தணியில் தமிழ் உண்டு, தெலுங்கு உண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொஞ்சம் இங்கிலீஷ் உண்டு, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தோடு இன்னும் இரண்டு பாஷை வந்து போகும். கொரியா பாஷை எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. யுத்தம் முடிந்து பர்மாவிலிருந்து என் வீட்டுக்காரர் உயிரோடு திரும்பியபோது கையோடு கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

அவர் என் அப்பாவின், எங்கள் பேச்சில் நைனாவின், அக்கா மகன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் ரங்கூனுக்குக் கப்பலேறினார். யுத்தம் பர்மாவைத் தொடாத நேரம் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பேச்சு. தனியாகப் போகவில்லை, என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். தம்பிக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் அம்மா எப்போதோ போய்விட்டாள். அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு வீட்டில் மிஞ்சியது நானும் நைனாவும், நைனாவின் குதிரையும்தான். நைனா ஜட்கா ஓட்டுகிறவர். ரயிலில் இறங்குகிறவர்களை மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுவது அவர் தொழில்.

கிளம்புவதற்கு முதல் நாள் நைனா தம்பியை மலைக்கு அழைத்துப் போய் ஒரு வேண்டுதல் செய்துகொண்டார். பிள்ளை திரும்பி வருகிறவரை அவன் தலையிலும் கத்தி படாது, தன் தலையிலும் படாது. வந்த பிறகு அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டு ஒன்றாகப் படியேறுவார்கள். மாப்பிள்ளையை இதில் சேர்க்கவில்லை. மருமகனை எந்தக் கணக்கில் முருகனிடம் ஒப்படைப்பது என்று நைனாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஸ்டேஷனில் வைத்து நான் தம்பியின் தலையைக் கலைத்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அன்றைக்கும் அது சும்மா இருக்கவில்லை.

"எவன் சொன்னாலும் தலையைக் குடுத்துடாதே. கத்தி பட்டுதுன்னு தெரிஞ்சா வூட்டு வாசப்படி ஏத்த மாட்டேன், பாத்துக்கோ."

"ஆங், ஆங்" என்று சிரித்தான். ரயில் நகரும்போதும் தலையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனான். அவனை நான் பார்த்தது அதோடு சரி.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதம் நின்றது. நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களைத் தேடிப் போய் விசாரித்தோம், அரக்கோணத்தில் ஒருவர், மணவூரில் ஒருவர். யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. நைனாவின் முடி தோளுக்கு இறங்கியது, பிறகு முதுகுக்கு இறங்கியது, தாடி நெஞ்சைத் தொட்டது. வெளியூர்க்காரர்கள் அவரைச் சாமியார் என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவதற்கு முன்னால் காலைத் தொடுவார்கள். "யோவ், காலை உடு, குதிரை ஒதைக்கும்" என்பார்.

நாற்பத்தாறாம் வருஷம் என் வீட்டுக்காரர் வந்தார். நைனா வழக்கம்போல ஸ்டேஷனில் சவாரிக்கு நின்றிருந்தார். எலும்பும் தோலுமாக இவர் இறங்கி வந்து முன்னால் நின்றபோது நைனா இவரைப் பார்க்கவே இல்லையாம். இவர் இறங்கி வந்த பெட்டியின் கதவையே ரயில் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். நைனாவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது வெட்கப்பட்டார்.

வீட்டில் சோறு போட்டேன். நாலு கவளம் இறங்கட்டும் என்று நைனா காத்திருந்தார்.

"தம்பி எங்க மாப்ளே?"

"பிரிஞ்சிட்டோம் மாமா."

"ஏன்?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கைகளை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டு, விறைப்பாக நின்று, சுவரைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். "மொரி தெமுனெ." தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. நைனா என்னைப் பார்த்தார். நான் சோற்றுப் பானையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து இதுதான் கதை. மற்ற பேச்செல்லாம் தமிழில் சரளமாக வரும். குதிரையிடம் கொஞ்சுவார், அண்டை வீட்டுப் பிள்ளைகளைக் கிண்டல் செய்வார். 'ஏன்' என்றோ 'இன்னாத்துக்கு' என்றோ யார் வாயிலிருந்தாவது வந்துவிட்டால் போதும், எழுந்து விறைத்து நின்று அந்தப் பாஷையில் பதில் சொல்லுவார். 'ஏன் சாப்பிடலை' என்றாலும் அப்படித்தான், 'ஏன் வண்டியைக் கழுவலை' என்றாலும் அப்படித்தான். நான் முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். நன்றாகத் திட்டினேன்கூட. பேய் பிடித்திருக்கிறது என்று ஊரில் சொன்னார்கள். வேப்பிலை அடித்தவனே "இன்னாத்துக்கு இவனைப் புடிச்ச, சொல்லு" என்று கேட்டான். இவர் விறைத்து நின்று அழகாகப் பதில் சொன்னார். வேப்பிலைக்காரன் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை.

தம்பியைப் பற்றி மட்டும் நைனா விடாமல் கேட்டார். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். "ஏன் மாப்ளே வரலை?" ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே இரண்டு வார்த்தை. வேறு கேள்விக்கு வேறு வேறு வார்த்தை வரும், இதற்கு மட்டும் மாறாது. அதை நான்தான் முதலில் கவனித்தேன்.

ஒரு நாள் நந்தியாற்றங்கரையில் அவர் குதிரைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். 'ஏன்' வராமல் ஒரு கேள்வி கேட்டால் என்ன என்று தோன்றியது.

"இந்தப் பாஷையை உங்களுக்கு யாரு கத்துக் குடுத்தது?"

'யாரு' என்றதற்குத் தமிழிலேயே பதில் வந்தது.

"ஒரு கொரியாக்காரன். ஜப்பான் சொக்காய் போட்டுகினு துப்பாக்கி வெச்சிருந்தான், ஆனா ஜப்பான்காரன் இல்ல. அவன் தேசத்தை ஜப்பான் முன்னமே முழுங்கிடுச்சாம். அவனையும் நம்மள மாதிரி புடிச்சாந்ததுதான்."

காட்டுக்குள் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இவர் அந்தக் காவல்காரனுக்குத் தண்ணீர் சுமந்தார். யாரும் இல்லாத நேரத்தில் அவன் தன் பாஷையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பானாம். "அவனுக்குப் பேச ஆள் இல்ல, எனக்குக் காதை மூடிக்க வழி இல்ல" என்றார். தினமும் விடிந்ததும் கூலிகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணுவார்கள். எழுந்து வராதவன் பெயரைச் சொல்லி அந்தக் காவல்காரன் ஒரே வார்த்தை கேட்பான். "வே?" ஏன் என்று அர்த்தம். காரணம் சொல்ல ஆள் இருந்தால் படுத்திருப்பவன் அன்றைக்குத் தப்பித்தான். ஆள் இல்லையென்றால் துப்பாக்கிக் கட்டையால் எழுப்புவார்கள். இவர் முப்பது பேருக்குக் காரணம் சொல்லுகிறவர் ஆனார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் அப்படித்தான் பிழைத்திருக்கிறார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. யார், எங்கே, எப்போது, என்ன என்று எது கேட்டாலும் அவரிடம் தமிழ் இருக்கிறது. காரணம் மட்டும் தமிழில் இல்லை. கிணற்றில் விழுந்ததை எடுக்கக் கிணற்றில்தான் இறங்க வேண்டும். "எனக்கும் அதைக் கத்துக் குடுங்க" என்றேன். நான் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள், தமிழ் வீட்டில் கற்றது, மூன்றாவதாக ஒரு பாஷை என்னைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை.

புல் அறுக்கிற நேரம்தான் பாடம். காரணம் சொல்ல மூன்று வால் இருக்கிறது என்றார். வார்த்தையின் பின்னால் ஒட்டுகிற வால். முதல் வால் 'சொ'. பிகா வாசொ என்றால் மழை வந்ததால். பெகொபாசொ என்றால் பசித்ததால். அபாசொ என்றால் நோவு கண்டதால், உடம்புக்கு முடியாததால். இது பணிவான வால். இரண்டாவது வால் 'னிக்கா'. பிகா ஓனிக்கா என்றாலும் அதே மழைதான், ஆனால் இதைச் சொன்ன கையோடு உள்ளே வா, வெளியே போ என்று ஏவலாம். 'சொ' போட்டு யாரையும் ஏவ முடியாது. தன் தப்புக்குச் சமாதானம் சொல்லும்போது 'னிக்கா' போட்டால் எதிர்த்துப் பேசுவது போல ஆகிவிடும்.

"எந்த வால் யாருக்குன்னு தெரிஞ்சிக்கறதுக்குள்ள ரெண்டு பல்லு போச்சு" என்று வாயைத் திறந்து காட்டினார். முன்பல் இரண்டும் இல்லை. அதுவரை நான் அது சீக்கில் விழுந்தது என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வால் 'தெமுனெ'. இது ஒரு பொருளின் பின்னால் போய் நிற்கும். பி தெமுனெ, மழையால். கெட்டது ஏதாவது நடந்திருந்தால் அந்தப் பொருளின் தலையில் பழியைப் போடுகிற வால் இது.

நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். நம் பேச்சு போலவே காரணம் முன்னால் வருகிறது, காரியம் பின்னால் வருகிறது, அதனால் நாக்கு தடுக்கவில்லை. குதிரைக்குப் பசிப்பதால் புல் வேண்டும், கஞ்சி இல்லாததால் நீங்கள் பட்டினி என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். ஒரு தடவை 'சொ' போட்டு அவரைத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லிவிட்டேன். புல்லுக்கட்டின் மேல் விழுந்து சிரித்தார். அவர் திரும்பி வந்த பிறகு சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இன்னொரு விளையாட்டும் உண்டு. நான் ஒரு பொருளைத் தொடுவேன், அவர் பெயர் சொல்லுவார். தண்ணீருக்கு முல், சோற்றுக்கு பாப், குதிரைக்கு மால்.

"இன்னாடி, புருசனும் பொஞ்சாதியும் பட்சிங்க மாதிரி பேசிகினு இருக்கீங்க" என்பார் நைனா. அவருக்கு அதில் சந்தோஷம்தான். எனக்கும் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் தம்பி எங்கே இருக்கிறான் என்றும் தெரிந்துவிடும், கூட்டி வந்துவிடலாம் என்று முட்டாள்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

வால்கள் மூன்றும் வசப்பட்ட பிறகு ஒரு நாள் துணிந்து கேட்டேன். "தம்பி வரலை. வே?"

அவர் அரிவாளைக் கீழே போட்டார். விறைத்து நின்றார். "மொரி தெமுனெ."

நைனாவுக்குச் சொல்லுகிற அதே இரண்டு வார்த்தை. இப்போது எனக்கு அதில் பாதி தெரியும். மொரியால். மொரியின் தலையில் பழி. மொரி என்றால் என்ன? காய்ச்சலா, ஆறா, யாராவது அதிகாரியின் பெயரா? "மொரின்னா இன்னா?" என்று கேட்டேன். 'இன்னா' என்றால் தமிழில் பதில் வர வேண்டும். வரவில்லை. புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பாடம் இல்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கோபத்தைக் கலைக்கலாம் என்று பழைய விளையாட்டை ஆரம்பித்தேன். சீப்பைக் காட்டினேன், தெரியாது என்று தலையாட்டினார். வாளியைக் காட்டினேன், முல் என்றார். வாளிக்கு அவரிடம் வார்த்தை இல்லை, உள்ளே இருக்கிற தண்ணீருக்குத்தான் இருந்தது. பிறகு எதையும் நினைக்காமல் என் முடியை ஒரு பிடி தூக்கிக் காட்டினேன்.

"மொரி" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. முடியால் ஒருவன் ஊருக்கு வராமல் போவானா? அதற்குள் ஸ்டேஷனில் தம்பி தலையைத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனது கண்ணில் வந்துவிட்டது. சீப்பு கையில் இருக்க அப்படியே கேட்டேன். "இன்னா நடந்துது?"

நடந்ததைத் தமிழில் சொன்னார். காரணம் வருகிற இடத்தில் மட்டும் அந்தப் பாஷைக்குப் போனார். இப்போது எனக்கு அங்கேயும் புரிந்தது.

காட்டில் பேன் மண்டியது, சீக்கு பரவியது. எல்லோருக்கும் மொட்டை அடிக்க உத்தரவு வந்தது. கத்திக்காரன் முன்னால் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தம்பி உட்காரவில்லை. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றான். இவர் கெஞ்சினார். "நைனா கேட்டா இன்னா சொல்வேன் பாவா, அக்கா வூட்ல சேக்க மாட்டா" என்றானாம். கொரியாக்காரன் வந்தான். இவரைப் பார்த்து, "வே?" என்றான்.

வேண்டுதலுக்கு இவரிடம் வார்த்தை இல்லை. சாமிக்கு வார்த்தை இல்லை, மலைக்கு இல்லை, அப்பன் மகன் ஒன்றாக மொட்டை போட்டுக்கொள்வதற்கு இல்லை. தெரிந்த காரணம் மூன்று: மழை, பசி, நோவு. இதில் நோவு எப்போதும் காப்பாற்றுகிற காரணம். அதைச் சொன்னால் தொந்தரவு செய்ய மாட்டார்கள், படுக்க விட்டுவிடுவார்கள். அதையே சொன்னார். "அபாசொ."

அன்று காலைதான் உத்தரவு மாறியிருந்தது. வாந்திபேதி வந்துவிட்டது, நோவு என்று சொல்லப்படுகிற எவனையும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடிசைக்குக் கொண்டுபோக வேண்டும். அது இவருக்குத் தெரியாது. இரண்டு பேர் வந்து தம்பியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு நோவு இல்லை, நன்றாக இருக்கிறான் என்று இவர் கத்தியதெல்லாம் தமிழில். காரணம் சொல்லத்தான் கற்றிருந்தார், சொன்ன காரணத்தைத் திரும்ப வாங்க யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. அந்தக் குடிசையிலிருந்து யாரும் நடந்து வெளியே வரவில்லை. ஒரு வாரம் கழித்து அதைக் கொளுத்திவிட்டார்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். என் தம்பிக்கு முடிக்கு வந்தது உயிரோடு போயிற்று.

எட்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பொய் சொல்வானேன், வெறுத்தேன். அவர் வைத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. அவரை வெறுத்து முடித்த பிறகு நைனாவை வெறுத்தேன், யார் கேட்டார்கள் இந்த வேண்டுதலை என்று. அதற்கு அப்புறம் ஸ்டேஷனில் நான் பேசின பேச்சு மிச்சம் இருந்தது. வாசப்படி ஏத்த மாட்டேன் என்று நான் சொன்னதை அவன் கடைசிவரை நம்பியிருக்கிறான். அதை யார்மேல் போடுவது? ஒன்பதாம் நாள் அவருக்குச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"நைனாகிட்ட சொல்ல வாணாம்" என்றேன்.

"நான் தெனமும் சொல்லிகினுதானே கீறேன்" என்றார்.

உண்மைதான். இத்தனை நாளாக நைனாவின் முகத்துக்கு எதிரில் நின்று, உன் வேண்டுதல் முடியால்தான் உன் பிள்ளை வரவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நைனாவுக்குப் புரியாத பாஷை என்பதால் சொல்ல முடிந்தது. தமிழில் அந்தக் காரணம் ஏன் வரவில்லை என்று எனக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் நைனா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். முடி சடை விழுந்திருந்தது. பிடரியில் கொப்புளம் வந்து சீழ் வைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் வண்டி ஓட்டினார்.

"நாளைக்குக் கிருத்திகை. எறக்கிடலாம்னு கீறேன். இல்லாதவனுக்குக் காத்துகினு இருந்தா அவனுக்கும் நல்லது இல்ல" என்றார்.

அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். காரணமே தெரியாமல் இந்த மனுஷன் இதிலிருந்து வெளியே வந்துவிட்டால் போதும் என்று இருந்தது. அதற்கு மேல் எதையும் நான் கேட்கவில்லை.

காலையில் மூன்று பேரும் மலையடிவாரத்துக் குளத்துக்குப் போனோம். வானம் மூடியிருந்தது. மொட்டை அடிக்கிறவர் நைனாவை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். இவ்வளவு முடியைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிடும், வேண்டுதல் முடி என்று. கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"வேண்டுதல் பலிச்சிடுச்சாங்க? இல்ல, கருமாதிக் கணக்கா? கருமாதின்னா குளத்தங்கரையில கத்தி வெக்க மாட்டேன். அதுக்கு எடம் வேற."

நைனா இதை எதிர்பார்க்கவில்லை. ஈரத் தலையோடு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருசமா மாப்ளே ரெண்டே வார்த்தை சொல்றாரு. நீ அந்தப் பாஷையைக் கத்துகினே. அது உனக்குப் புரியும், எனக்குத் தெரியும். எதுவா இருந்தாலும் சரி, அவரு சொல்றதை அப்படியே சொல்லு. கேட்டுட்டு, எங்க எறக்கணுமோ அங்க எறக்கிட்டுப் போயிடறேன்."

தலைமுடியால் என்று சொல்ல முடியாது. அந்த முடியிலிருந்துதான் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நோவால் போய்விட்டான் என்று சொல்லிவிடலாம். ஊரில் எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள், அழுது முடித்துக் காரியம் செய்துவிடுவார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நோவு. அந்த ஒரு வார்த்தைதான் தம்பியைக் குடிசைக்கு அனுப்பியது. அவன் பெயரோடு அதை இன்னொரு தடவை சேர்க்க என் நாக்கு ஒப்பவில்லை. எவ்வளவு முயன்றும் வெளியே வரவில்லை. திறந்த வாயை மூடவும் முடியவில்லை, மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது என் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"மழையால நைனா" என்றேன்.

"மழையாலயா?"

"ஆங். அங்க மழை உடலையாம். ஆத்துல தண்ணி எறங்கலையாம். அதான் வர முடியலையாம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நைனா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்ததே, அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"இதைச் சொல்றதுக்கா ரெண்டு வருசம்? கத்தியை மடி, அப்பா. மழை இன்னா எப்பவுமா பேஞ்சுகினு இருக்கும்."

வண்டியில் ஏறி உட்கார்ந்து குதிரையைத் தட்டினார். நாங்கள் பின்னாலேயே நடந்தோம்.

"நீயும் கையில இருந்த காரணத்தைச் சொல்லிட்டே" என்றார் என் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல மழை. நைனா குஷியாக இருந்தார், அங்கேயும் இப்படித்தான் கொட்டும் என்பார். தை பிறந்து வானம் வெளுத்த பிறகு கேட்க ஆரம்பித்தார். "அங்க உட்டுதான்னு கேளு." நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "பி?" என்பேன். அவர் "வாயோ" என்பார். வருகிறது என்று அர்த்தம். "பெய்யுதாம் நைனா" என்பேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. பொய் சொல்லுவதற்கு நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாஷை வைத்திருந்தோம். கொப்புளம் ஆறவில்லை. சடையைத் தூக்கி மருந்து போடக்கூட விட மாட்டார், கத்தரிக்கோலைக் கண்டால் கையைத் தட்டிவிடுவார்.

சித்திரை வெயிலில் ஸ்டேஷன் வாசலில் வண்டிப் படியிலிருந்து சரிந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்து போட்டோம், இரண்டு நாள் இருந்தார். கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். "பெய்யுதாம்" என்றேன். "ஆங்" என்றார், அடுத்த ரயிலுக்கு ஆள் வரும் என்று சொன்னால் எப்படிச் சொல்லுவாரோ அப்படி.

வேண்டுதல் முடியோடு எரிக்கக் கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். சாவு வீட்டிலேயே இறக்கி, வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவ்வளவு கனமாகத் தெரிந்த முடி, மூட்டையில் ஒன்றுமே கனக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு நானும் அவரும் அதை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனோம். அன்றைக்குக் கத்தி தீட்டினவர் இல்லை, மொட்டை அடிக்க வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அன்றைய மொட்டைகளின் முடி குவிந்து கிடந்தது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆள் இல்லாம முடி மட்டும் வந்துகீது. இன்னாத்துக்கும்மா?"

என் வீட்டுக்காரர் பழக்கப்படி விறைத்து நின்றுவிட்டார். ஆனால் கேட்டது என்னை. நான்தான் சொல்ல வேண்டும். இனிமேல் யாரிடமிருந்தும் எதையும் மறைக்க வேண்டியதில்லை, எல்லோரும் போய்விட்டார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தமிழில் ஒன்றுமே வரவில்லை. தெலுங்கிலும் வரவில்லை. என் கைகள் இரண்டும் தானாகப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மொரி தெமுனெ" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "இன்னா சொல்றாங்க?"

'இன்னா' என்று கேட்டதால் அவரால் தமிழில் சொல்ல முடிந்தது.

"தலைமுடியாலன்னு சொல்றா."

"அதான் தெரியுதே" என்று சொல்லிவிட்டு மொட்டை அடிக்கிறவர் மூட்டையைக் குவியலில் உதறினார்.